மாமன் மாலை வரும்வரை

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போட்டேன். எட்டு யூனிட். மணமகள் அறைக் கதவைத் தாழ் போட்டு, போதாததற்கு என் முதுகையும் அதில் சாய்த்துக்கொண்டு, ஆதிரையின் பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கி, தொடையில். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை, புடவை கசங்கிவிடக் கூடாதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் முதல் புடவை, சடங்குப் புடவை. சாப்பாட்டுக்குக் கால்மணி நேரம் முன்னால் இன்சுலின் போட வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னது எனக்கு அ, ஆ மாதிரி. மேடையில் ஏறிவிட்டால் இறங்க முடியாது, ஏறியதும் மாமன் மாலை, மாலை விழுந்ததும் வாயில் உளுந்தங்களி, கருப்பட்டி ஊற ஊற ஒரு உருண்டை, அப்புறம் லட்டு, அப்புறம் பழம், எல்லாம் சேர்த்து எட்டு யூனிட். ராத்திரியெல்லாம் மனசுக்குள்ளே போட்ட கணக்கு. போடுவதற்கு முன்னால், மாலை கொண்டுவர வேண்டிய என் தம்பிக்கு ஃபோன் அடித்துக் கேட்டேனே, கேட்காமலா போட்டேன், ஏலேய் சங்கரபாண்டி எங்கல இருக்க என்று கேட்டேன், "பஸ் ஸ்டாண்டத் தாண்டிட்டேன்க்கா, அஞ்சே நிமிசம்" என்றான். பின்னால் வேன் சத்தம் கேட்டது, பெண்கள் பேச்சுச் சத்தம் கேட்டது. நம்பிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் இருபது வருஷம் ஒரே வீட்டில் அவனோடு சாப்பிட்டவள் நான். குளித்துக்கொண்டிருக்கும்போதே வாசலுக்கு வந்துவிட்டேன் என்று சொல்கிறவன் அவன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான், அப்பாவும் அப்படித்தான், நானும்தான், நேற்று ஜாக்கெட் தைக்கிறவளிடம் தெருமுனையில் நிற்கிறேன் என்று அடுப்படியிலிருந்து சொன்னேன். அஞ்சு நிமிசம் என்றால் அஞ்சு நிமிசம் என்று அர்த்தமில்லை என்பது எனக்குத் தெரியாதா. தெரியும். ஊசியை உள்ளே அழுத்தும்போது மட்டும் எப்படி மறந்துபோனது? இப்போது மணி பத்து இருபது. மேடைக்கு எதிர்ச் சுவரில் மண்டபத்துக்காரர்கள் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள், தட்டு அளவுக்கு, நொடி முள் ஒவ்வொரு தடவையும் ஒரு துள்ளுத் துள்ளி நிற்கிறது. சங்கரபாண்டி அரைமணி நேரத் தூரத்தில், கழுகுமலையில் இருக்கிறான். டயர் பஞ்சர். முதல் ஃபோனின்போதும் கழுகுமலையில்தான் இருந்திருக்கிறான், "நீ பதறுவன்னுதான்க்கா சொல்லல" என்கிறான் இப்போது.

மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் ஃபிளக்ஸில் இன்னொரு ஆதிரை, கம்ப்யூட்டரில் வெள்ளையடித்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலிக்குப் பக்கத்தில் உலகம்மாள் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, சடங்கு முறையெல்லாம் அவள் கையில்தான், காலையிலிருந்தே சொல்லியாகிவிட்டது, "மாமன் மாலை விழுகாம பிள்ளை வாயில பச்சத்தண்ணி படக்கூடாது, எங்க வீட்டு வழக்கம்." சரி மதினி என்றேன். எல்லாவற்றுக்கும் நான் சரி மதினிதான். காலையில் ஆறு மணிக்குப் பாத்ரூமில் ரகசியமாகச் சர்க்கரை பார்த்தபோது நூற்று அறுபத்தெட்டு. நல்ல எண், பட்டினியைத் தாங்கும் என்று நினைத்தேன். அந்த நூற்று அறுபத்தெட்டு இப்போது எங்கே வந்து நிற்கிறது. எட்டு யூனிட் உள்ளே போய் அரைமணி நேரமாயிற்று, அதற்குக் களி வந்ததா வரவில்லையா என்று தெரியாது, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவளுடைய இடது கையைப் பார்க்கிறேன். முகத்தை விடக் கைதான் முதலில் சொல்லும். சர்க்கரை இறங்கினால் ஆதிரை கட்டைவிரலால் எதையாவது தேய்ப்பாள், போர்வை ஓரம், பள்ளிக்கூட டை, எது கிடைக்கிறதோ அது. இப்போது புடவைக் கரையைத் தேய்க்கிறாள். இல்லை, புதுச் சரிகை, உறுத்துகிறது, அதனால் இருக்கும். எந்தப் பெண்ணும் தேய்ப்பாள்தான். தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். முன் வரிசையில் யாரோ ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம் சொல்கிறாள், "பிள்ளைக்கு வெக்கத்தப் பாரேன், தலையே நிமிர மாட்டேங்கு." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். உதட்டுக்கு மேலே பொடிப்பொடியாக வேர்த்திருக்கிறதே, அதுவும் வெட்கமா. விரல் நடுங்குவதும் வெட்கமா. நல்ல ஊர். நானும் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். என் முகம் எனக்குத் தெரியாமலே சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அவளிடம் நான் கடைசியாக என்ன பேசினேன், ஊசியும் மருந்தும் இல்லாமல், எண் இல்லாமல்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் கேட்பது ஒரே வார்த்தை, எவ்வளவு? செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள், நூத்தி நாப்பது, இருநூத்திப் பத்து. இருநூறுக்கு மேல் என்றால் என் முகம் மாறும், அவள் அதைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பையை மெதுவாகக் கீழே வைப்பாள், சத்தம் வந்தால் அதற்கும் திட்டுவேனோ என்பது மாதிரி. ஒரு தடவை ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அது எனக்குத் தெரிந்தது நாலு நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி. ஏன்டி சொல்லல என்றேன். நீ கேக்கலையேம்மா என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எட்டு வயதில் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வெயில் என்றோம். மெலிந்தாள், உயரம் போடுகிறாள் என்றோம். ஒருநாள் மூச்சு வாங்கியது, வாயில் பழவாடை, மதுரைக்கு ஆம்புலன்ஸில் போனோம், மூன்று நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். இவள் உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை, இனி ஆயுசுக்கும் ஊசிதான், ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் போல இருப்பாள், ஓடுவாள், படிப்பாள், பிள்ளை பெறுவாள் என்று டாக்டர் அந்தக் கடைசி வார்த்தை வரைக்கும் பொறுமையாகச் சொன்னார். எங்களால்தானா டாக்டர் என்று கேட்டேன். யாராலும் இல்லம்மா என்றார். நான் நம்பவில்லை, இன்றுவரை நம்பவில்லை. இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கடலைமிட்டாய்ப் பாகு வாசம், பால் மறக்காத பிள்ளை கையில்கூட அதைக் கொடுத்தவள் நான், அதனால் இல்லை என்று நூறு தடவை அவர் சொல்லட்டுமே. அவளுடைய அப்பா, கோமதிநாயகம், அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினோம். திருமங்கலம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "செண்பகம், இது நம்மளோட இருக்கட்டும். பொம்பளப் பிள்ளை. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான். அக்காவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்." எட்டு வயதுப் பிள்ளை என் மடியில் தூங்குகிறது, கையில் ஊசி குத்தின இடமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறது, இவர் மாப்பிள்ளை பார்க்கிறார். கோபம் வந்தது. வந்ததா? வந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது நான் சரிங்க என்றுதான் சொன்னேன், அதுதான் உண்மை. எனக்கும் அதே பயம் இருந்தது, அவர் சொன்னார், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே ஏன் என்று கேட்டால் வீசிங் என்று சொல்வதாக ஏற்பாடு. வீசிங்குக்கு ஒரு மரியாதை இருக்கிறது, யாரும் மேலே கேட்பதில்லை. இன்சுலின் பேனா ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருக்கிறது. விருந்தாளி வந்தால் அவளே போய் அதை இன்னும் உள்ளே தள்ளிவைப்பாள். அவர் நாலு வருஷத்தில் ஒருநாள்கூட ஊசி போட்டதில்லை. நான் பேனாவை எடுத்தால் எழுந்து வாசலுக்குப் போய் பைக்கைத் துடைப்பார். கோவில்பட்டியிலேயே அவ்வளவு சுத்தமான பைக் வேறு கிடையாது.

பத்து முப்பது. மதினி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "ராகு காலம் பொறந்திருச்சு. இனி பன்னண்டுக்கு மேலதான் மாலை. உன் தம்பியப் பைய வரச்சொல்லு செண்பகம், அவசரமில்ல." அவசரமில்லை. பன்னிரண்டு. பன்னிரண்டு வரைக்கும் அந்த எட்டு யூனிட்டுக்கு ராகு காலம் கிடையாதே. என் முந்தானை முடிச்சில் குளுக்கோஸ் இருக்கிறது, பேப்பரில் மடித்து மூன்று ஸ்பூன், நாலு வருஷமாக நான் முந்தானையில் முடிந்து வைப்பது இது ஒன்றுதான். அதை இடுப்புக்கு மேலே கையால் பிடித்துக்கொண்டேன். "மதினி, பிள்ளை பசியோட இருக்கா, கொஞ்சம் ஜூஸாவது..." என்று ஆரம்பித்தேன். "இந்தா பாரு, நாங்கல்லாம் மூணு நாள் பட்டினி கெடந்தோம். ஒரு நேரத்துல உம்பிள்ளை ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டா" என்று சொல்லிவிட்டு, அன்பாகத்தான், ஆதிரையின் தாடையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். மதினி கெட்டவள் இல்லை. ஒன்றும் தெரியாதவளிடம் என்ன எதிர்பார்க்க முடியும், தெரியாமல் வைத்திருந்தது யார். மண்டப வாசலைப் பார்த்தேன். அவர் அங்கே நிற்கிறார், பட்டுவேட்டி, சந்தனம், வருகிறவர்களுக்கெல்லாம் தட்டை நீட்டுகிறார், சந்தனம் தொட்டுக்கோங்க, கல்கண்டு எடுத்துக்கோங்க. தட்டு நிறையக் கல்கண்டு. வருகிற ஆள் ஒவ்வொருத்தரும் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள், கடைவாயில் கடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் உண்டு, அவளுக்கு மட்டும் இல்லை. அவர் பார்வை என் பக்கம் திரும்பியது. மேடையைக் காட்டினேன், என் கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக் காட்டினேன், அவருக்குத் தெரியும், அந்த அடையாளம் அவருக்குத் தெரியும். மேடையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று, அப்புறம் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அஞ்சு நிமிசம். பிறகு யாரோ வந்தார்கள், தட்டை நீட்டினார்.

போக வேண்டியதுதானே. பத்து அடி நடந்தால் மேடை. ஏன் நிற்கிறேன். முந்நூறு பேர் இருக்கிறார்கள். இல்லை, இருநூறு. இவர்கள் எல்லாரும் நாளைக்கு அவளைப் பார்க்கிற பார்வை எனக்கு இப்போதே தெரிகிறது, ஐயோ பாவம் என்று முதுகுக்குப் பின்னால் உச்சுக்கொட்டுவது தெரிகிறது, இந்தச் சின்ன வயசுலயா, அம்மாக்காரி என்னத்தத் தின்னுட்டுப் பெத்தாளோ. சரி, இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாம், அவள் நிமிர்ந்தால் நல்லது, நிமிராவிட்டால் போவேன். இப்படித்தான் பத்து இருபதிலிருந்து ஒவ்வொரு நிமிடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். போன வருஷம், ஆறாம் வகுப்பில், பிரேயரில் மயங்கி விழுந்தாளே. பள்ளிக்கூடத்திலும் வீசிங் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தோம். டீச்சர் ஓடிவந்து, நல்ல டீச்சர், அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, தள்ளுங்க காத்து வரட்டும் என்று பிள்ளைகளை விலக்கி, பையைக் கொட்டி இன்ஹேலரைத் தேடியிருக்கிறாள். இல்லாத இன்ஹேலரை. பையிலிருந்து கொட்டின சாமான்களுக்கு நடுவே மிட்டாய் கிடந்திருக்கிறது, அவளுக்காக நான் வைத்த மிட்டாய், டீச்சர் அதை ஒதுக்கிவிட்டு விசிறியிருக்கிறாள். இவள்தான் எப்படியோ கையை நீட்டி, கண்ணைத் திறக்காமலே துழாவி எடுத்து, தாளோடு வாயில் போட்டிருக்கிறாள். தாளோடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாம் சொன்னாள், சொல்லி முடித்துவிட்டு, "ஆனா நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா" என்றாள். கண்ணில் அப்படி ஒரு பெருமை. நான் என்ன செய்தேன். ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொன்னேனா. அவளைக் கட்டிக்கொண்டு, என் தங்கம், என் கெட்டிக்காரி என்று நெற்றியில் முத்தம் கொடுத்தேன். ஓவியப் பரிசுக்குக் கொடுக்காத முத்தம். அவளுக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவிடம் முத்தம் வாங்க எது வழி என்று.

பத்து நாற்பத்திரண்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் என்னைத் தேடவில்லை, நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முகம் மஞ்சளுக்கு அடியில் வெளுத்துப்போய், கண் என்னைப் பார்க்கிறதா என் பின்னால் பார்க்கிறதா என்று தெரியாத பார்வை. நான் புருவத்தைத் தூக்கினேன். எவ்வளவு என்று கேட்கிற அதே புருவம். அவள் மெதுவாகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லைம்மா. ஆட்டிய தலை நேராக வந்து நிற்கவில்லை, பூவின் கனத்தோடு ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது. அதற்கப்புறம் எனக்கு மண்டபம் தெரியவில்லை. படியில் ஏறியது ஞாபகமில்லை, நாற்காலி ஒன்றைத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது, யாரோ ஏ என்றார்கள். முந்தானை முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். "என்னட்டி செய்த, மேடையில" என்று மதினி கையைப் பிடித்தாள், உதறினேன், இத்தனை வருஷத்துச் சரி மதினியையும் சேர்த்து உதறினேன். பொடியை உள்ளங்கையில் கொட்டி அவள் வாயருகே கொண்டுபோனேன், தங்கம், வாயத் திற. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மோவாயைப் பிடித்தேன், முகத்தைத் திருப்பினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, பல் இடுக்கு வழியாக, எனக்கு மட்டும் கேட்கும்படியாக, "வேண்டாம்மா. அத்தை பாக்காங்க. எல்லாரும் பாக்காங்கம்மா." அவ்வளவு நினைவு தப்புகிற நேரத்திலும் குரலைத் தாழ்த்துகிறாள். "பாக்கட்டும்" என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்புறம்தான் நான் திரும்பினேன், எல்லாருக்கும் கேட்கும்படி, மேளக்காரர்களும் நிறுத்திவிட்ட அந்த நேரத்தில், சொன்னேன், "எம்பிள்ளைக்குச் சுகர். எட்டு வயசுலருந்து சுகர். தெனம் நாலு ஊசி. வீசிங் இல்ல, ஒண்ணும் இல்ல, பொய். இப்ப இதத் திங்கலைன்னா விழுந்துருவா." சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். இனிமேல் மூடிவைக்க ஒன்றுமில்லை என்று அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும், உதடு தானாகத் திறந்தது.

மேடைத் தரையில் அவளை இறக்கி மடியில் சாய்த்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் செருகியிருந்த சின்ன மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன், எல்லார் முன்னாலும், முதல் தடவையாகக் கதவு தாழ் போடாமல். நாற்பத்தொன்பது. குளுக்கோஸ் கொடுத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடியும் பார்க்க வேண்டும், அதுதான் விதி. மதினி என் எதிரில் வந்து நின்றாள். "எங்கிட்டயா மறைச்சீங்க" என்று கேட்டாள். கோபமா வருத்தமா, தெரியவில்லை. பிறகு குனிந்து, குழந்தையின் தலையில் குத்தியிருந்த பூச்சரத்தை ஒவ்வொரு ஊசியாகக் கழற்ற ஆரம்பித்தாள், கனமாக இருக்கும் என்று. கீழே கூட்டம் இரைகிறது, சுகர் சுகர் என்று ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகிறது. வாசலில் அவர் தட்டோடு நிற்கிறார், யாரும் கல்கண்டு எடுக்கவில்லை, அவரும் நீட்டவில்லை, வரவும் இல்லை. அங்கே துடைக்க பைக் இல்லை. ஃபோன் அடிக்கிறது, சங்கரபாண்டி, அஞ்சு நிமிசம் என்பான், அடிக்கட்டும். ஆதிரையின் கட்டைவிரல் தேய்ப்பதை நிறுத்திவிட்டது. வேர்வை ஆறுகிறது. கண் மெதுவாகத் தெளிந்து, ஃபிளக்ஸைப் பார்த்து, கீழே இருக்கிற முகங்களைப் பார்த்து, கடைசியாக என் முகத்துக்கு வந்தது. எவ்வளவு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். உதட்டோரம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது, துடைக்கக் கையை எடுத்தேன், முகத்தை விலக்கிக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா" என்றாள். "நீதானம்மா சொல்லிட்ட."

அழவில்லை. நாலு வருஷம் நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு தடவைகூடத் தவறவிடாதவள், தவறவிட்டவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை விடாமல் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.